வேதம் படித்த உழவர்கள்

உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பிக்க ஆளில்லாமற் போன ஒரு தவணையில், தமிழாசிரியனாகிய என்னுடைய தலையில் அந்தப் பாடவேளைகளும் வந்து பொறுத்தன. சமயச் சீர்திருத்தம் என்னும் அலகை எடுத்துக்கொண்டு, மார்ட்டின் லூதர் வேதாகமத்தைத் தாய்மொழியில் ஆக்கித் தந்த கதையைச் சற்று உற்சாகத்தோடு சொல்லி முடித்தேன். தமிழ் படிப்பிப்பவனுக்குத் தாய்மொழி என்ற சொல் வந்துவிட்டால் உற்சாகம் தானாக வந்துவிடும். அடுத்த பாடவேளையில் 1525 ஆம் ஆண்டின் உழவர் கிளர்ச்சி. பின் வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், உழவருக்கும் விளங்கவேணும் எண்டுதானே லூதர் வேதத்தை ஜேர்மன் மொழியில எழுதினவர்? அதை வாசிச்சு விளங்கிக்கொண்டு நியாயம் கேட்டவங்களை ஏன் வெட்டச் சொன்னவர்?"

மணி அடித்துவிட்டது, நான் தப்பினேன். ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியவில்லை. நேயர்களே, இன்றைய உரை அந்த மாணவனுக்கு நான் சொல்ல முயன்ற பதில்தான்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனி என்று ஒரு நாடு இருக்கவில்லை. பேரரசர் ஒருவர் பெயருக்கு மேலே இருந்தார். அவருக்குக் கீழே கோமகன்களும், ஆயர்களும், மடாதிபதிகளும், தன்னாட்சி பெற்ற நகரங்களுமாக நூற்றுக்கணக்கான ஆட்சிப் பகுதிகள் துண்டு துண்டாகக் கிடந்தன. மக்களில் மிகப் பெரும்பாலானோர் உழவர்கள். நிலத்துக்கு வாடகை, விளைச்சலில் தசமபாகம், பிரபுவின் வயலிலே கூலியில்லா வேலை, இவை யாவும் பழகிப்போன சுமைகள். தென் ஜேர்மனியின் பல பகுதிகளில் இவற்றுக்கு மேலாகப் பண்ணையடிமை நிலையும் இருந்தது. குடும்பத் தலைவன் இறந்தால் அவன் வீட்டிலுள்ளவற்றுள் மிகச் சிறந்த மாட்டையோ, மிகச் சிறந்த உடுப்பையோ பிரபுவின் ஆட்கள் வந்து கொண்டுபோவார்கள். இழவு வீட்டிலே வந்து வரி கேட்பது என்றால் என்ன என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்த வரிகளைக் கேட்டு வந்த பிரபு பல இடங்களில் ஒரு மடத்தின் அதிபராக இருந்தார். உழவனைப் பொறுத்தவரையில் திருச்சபை பூசை செய்யும் இடம் மாத்திரமன்று; அது நிலச் சொந்தக்காரனும்கூட.

1517 இல் நடந்ததைப் பாடநூல்கள் விரிவாகவே சொல்லும், நான் சுருக்கிக்கொள்கிறேன். பிராண்டன்பேர்க் ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த அல்பிரெக்ட் என்ற இளைஞர் ஏற்கெனவே மக்டபேர்க்கின் பேராயராக இருந்தார். அது போதாதென்று 1514 இல் மெய்ன்ஸ் பேராயர் பதவியையும் பெற்றார். ஒருவர் இப்படிப் பல பதவிகளை வகிப்பது திருச்சபைச் சட்டத்துக்கு மாறானது. அதற்கு விலக்குப் பெற ரோமாபுரிக்குப் பெருந்தொகை செலுத்தவேண்டியிருந்தது. அந்தப் பணத்தை ஓக்ஸ்பேர்க் நகரத்து ஃபுக்கர் என்னும் வட்டிக்கடைக் குடும்பத்தாரிடம் கடன் வாங்கினார். கடனை அடைப்பதற்கு வழி? பாவமன்னிப்புச் சீட்டு. விற்று வரும் பணத்தில் ஒரு பாதி ரோமாபுரியில் எழும்பிக்கொண்டிருந்த புனித பேதுரு பேராலயத்துக்கு, மறு பாதி ஃபுக்கரின் கணக்குக்கு. விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்தில் வேதம் கற்பித்துக்கொண்டிருந்த லூதர் என்ற துறவி இந்தச் சீட்டு விற்பனையை எதிர்த்து 95 கூற்றுகளை எழுதினார். அவற்றை அவர் தேவாலயக் கதவிலே ஆணி கொண்டு அறைந்தாரா என்பதில் இன்று ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேராயர் அல்பிரெக்டுக்குக் கடிதத்தோடு அனுப்பினார் என்பது உறுதி.

அந்த 95 கூற்றுகளும் இலத்தீனில் எழுதப்பட்டவை. கற்றோர் கற்றோருக்கு எழுதியவை. அடுத்த ஆண்டு லூதர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. 1518 இல் அதே பொருளைச் சில பக்கங்களில் அடக்கி, ஜேர்மன் மொழியில், சாதாரண மனிதன் ஒரே இருப்பில் வாசித்துவிடக்கூடிய சிறு பிரசுரமாக வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில் அது இருபதுக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. மடத்துக்குள்ளே இருந்த விவாதம் சந்தைக்கு வந்துவிட்டது. அச்சியந்திரம் மெய்ன்ஸ் நகரிலே தோன்றி அப்போது ஏறக்குறைய அறுபது ஆண்டுகள். பெரிய பெரிய இலத்தீன் ஏடுகளை அச்சிட்டு, விற்பனையாகாமல் திண்டாடிய அச்சகத்தாருக்கு லூதரின் சிறு பிரசுரங்கள் நல்ல வியாபாரமாகவும் அமைந்தன. சீர்திருத்தத்துக்கு இலாபமும் ஒரு துணை என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

1521 சித்திரையில் வோர்ம்ஸ் நகரத்துப் பேரவையில், இருபத்தொரு வயதுப் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸின் முன்னிலையில் லூதரை நிறுத்தி, எழுதியவற்றைத் திரும்பப் பெறுகிறாயா என்று கேட்டார்கள். வேதவாக்கினாலோ தெளிந்த நியாயத்தினாலோ நான் தவறு என்று காட்டப்பட்டாலன்றித் திரும்பப் பெறேன் என்பது அவர் தந்த விடையின் சாரம். நேயர்கள் இந்த விடையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டுகளின் பின்னர் இதே விடையை வேறு சிலர் சொல்லப் போகிறார்கள்.

பேரரசு அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்தது. அவருடைய கோமகனாகிய சாக்சனி பிரடரிக், வழியிலே ஆட்களை வைத்துக் கடத்துவதுபோலக் கடத்தி, வார்ட்பேர்க் கோட்டையிலே ஒளித்து வைத்தார். தாடி வளர்த்து, வீரனைப்போல உடையணிந்து, இளங்கோ ஜோர்ஜ் என்ற பொய்ப்பெயரில் ஏறக்குறையப் பத்து மாதங்கள் லூதர் அங்கே இருந்தார். அந்த ஒளிப்பிடத்திலேதான் புதிய ஏற்பாடு முழுவதையும் கிரேக்க மூலத்திலிருந்து ஜேர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். எடுத்த காலம் பதினொரு கிழமைகள் அளவே.

இந்த இடத்தில் சற்றுத் தங்கிச் செல்ல என்னை அனுமதிக்கவேண்டும். லூதருக்கு முன்னர் ஜேர்மன் மொழியில் வேதாகமமே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. 1466 இலிருந்து 18 அச்சுப் பதிப்புகள் வெளிவந்திருந்தன. ஆனால் அவை இலத்தீன் பெயர்ப்பிலிருந்து பெயர்க்கப்பட்டவை. இலத்தீன் வாக்கியத்தின் எலும்புக்கூட்டுக்கு ஜேர்மன் தோல் போர்த்தவை. சொல்லுக்குச் சொல் வைத்தால் மூலத்துக்கு விசுவாசமாக இருந்ததாகும் என்ற நம்பிக்கை அது. (நம்முடைய அரசாங்கச் சுற்றுநிருபங்களின் தமிழைப் படித்தவர்களுக்கு நான் மேலும் விளக்கத் தேவையில்லை.) லூதர் எராஸ்மஸ் பதிப்பித்த கிரேக்க மூலத்தை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி வேறு. இதைக் கிரேக்கத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. வீட்டிலிருக்கும் தாய் இதை எப்படிச் சொல்லுவாள், தெருவில் விளையாடும் பிள்ளை எப்படிச் சொல்லும், சந்தைக்கு வந்த மனிதன் எப்படிச் சொல்லுவான் என்று கேட்டார். பின்னாளில், 1530 இல், மொழிபெயர்ப்புப் பற்றி அவர் எழுதிய கடிதத்தில் இந்த முறையை அவரே விளக்கியிருக்கிறார். ஒரு சொல்லைத் தேடி இரண்டு மூன்று கிழமைகள் அலைந்ததையும், யோபுவின் ஆகமத்தில் மூவர் சேர்ந்து உழைத்தும் நான்கு நாள்களில் மூன்று வரிகள்தாமும் முடியாமற் போனதையும் அதிலே சொல்லுகிறார்.

பலி பற்றிய பகுதிகளை மொழிபெயர்க்கும்போது, ஆட்டின் உள்ளுறுப்புகளுக்கு மக்கள் வழங்கும் பெயரை அறிய இறைச்சிக்கடைக்காரர் ஒருவரைக் கொண்டு ஆடு வெட்டுவித்து, ஒவ்வோர் உறுப்பாகக் காட்டிப் பெயர் கேட்டாராம். அவருடைய மாணவர் ஒருவர் எழுதிவைத்த செய்தி இது. தொழில் செய்பவனிடத்திலேதான் தொழிற்சொல் இருக்கிறது என்பதை அறிந்த புலவர்கள் எந்த மொழியிலும் அரியர். மற்றொரு சிக்கல், எந்த ஜேர்மன் மொழியில் எழுதுவது என்பது. வடக்கே பேசுவது தெற்கே விளங்காது. சாக்சனி அரசின் கச்சேரிகளில் வழங்கிய எழுத்து மொழியை அடித்தளமாக எடுத்து, அதற்குள்ளே சந்தையின் உயிரை ஊற்றினார். இன்றைய ஜேர்மன் இலக்கிய மொழி உருவானதில் அந்த நூலின் பங்கு பெரிது என்பதை அவருடைய சமயத்தை ஏற்காதவர்களும் ஒப்புக்கொள்வர். 1522 புரட்டாதியில் விற்றன்பேர்க்கில் அச்சாகி வெளிவந்த முதற் பதிப்பு மூன்று மாதங்களில் தீர்ந்து, மார்கழியிலே மறுபதிப்பு வேண்டியிருந்தது. எதிரணியிலிருந்த எம்சர் என்ற கத்தோலிக்க அறிஞர் 1527 இல் அதற்கு மாற்றாக ஒரு புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் லூதரின் வாக்கியங்களே இருந்தன! ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன?

இந்த நெடிய கயிற்றின் ஒரு நுனி எங்களையும் வந்து தொட்டிருக்கிறது. லூதரன் திருச்சபையைச் சேர்ந்த சீகன்பால்கு 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1714, 1715 ஆம் ஆண்டுகளில் அங்கேயே அச்சிட்டார். யாழ்ப்பாணத்திலே வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழாக்கத்துக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். தாய்மொழி வசனம், பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சியந்திரம் ஆகியவற்றின் வலிமையை அங்கே அருகிலிருந்து கண்ட நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையையும் மறு ஆண்டில் அச்சுக்கூடத்தையும் நிறுவினார். கருவி ஒருவர் கையிலே மட்டும் தங்கி நிற்பதில்லை.

நூலை எழுதியவனுக்கு, அதை யார் எப்படி வாசிப்பார்கள் என்பதில் ஆட்சி கிடையாது. லூதர் அதை விரைவிலேயே கண்டார். எழுத்தறிந்தோர் அன்று நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இருந்திருக்கமாட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். ஆனால் ஒருவன் வாசிக்க இருபது பேர் கேட்கலாம். மதுக்கடையிலும், தேவாலய முற்றத்திலும், நெசவுக் கொட்டிலிலும் வாசித்தார்கள். எழுத்தறியாதவனுக்கு மரச்செதுக்குப் படங்கள் இருந்தன. பவேரியாவைச் சேர்ந்த ஆர்குலா என்ற பிரபுகுலப் பெண், லூதரின் கருத்துகளைப் பேசியதற்காக ஓர் இளைஞரைப் பணிய வைத்த இங்கொல்ஸ்டாட் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு 1523 இல் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஜேர்மன் மொழியில் என்னோடு வாதாட வாருங்கள் என்பது அவருடைய அழைப்பு. யாரும் வரவில்லை. கணவருடைய அரச உத்தியோகம் பறிபோனதுதான் மிச்சம்.

இனி உழவர்களிடம் வருவோம். 1524 கோடையில் கருங்காட்டுப் பகுதியிலுள்ள ஸ்டூலிங்கனில் குழப்பம் தொடங்கியது. அறுவடை நெருக்கடியிலே, நூல் சுற்றுவதற்கு நத்தை ஓடு பொறுக்கித் தரும்படி பிரபுவின் மனைவி உழவர்களை ஏவினாள் என்று ஒரு கதை அப்போதே பரவியிருந்தது. அது நடந்ததோ இல்லையோ, நடந்திருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள் என்பதே அக்காலத்து நிலைமையைச் சொல்லும். 1525 மாசியில் மேல் சுவேபியா முழுவதும் உழவர் படைகள் திரண்டு நின்றன. மெம்மிங்கன் என்ற சிறு நகரத்திலே அவர்களின் குறைகளைத் தொகுத்து எழுதியவர் செபஸ்தியான் லொற்சர். மென்மயிர்த் தோல் தைக்கும் தொழிலாளி. பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்க்காதவர். வேதாகமத்தை மட்டும் ஊன்றிப் படித்தவர். அந்நகரத்துப் போதகர் ஷப்பலர் முன்னுரைக்குத் துணை செய்தார் என்பர். பன்னிரண்டு கோரிக்கைகள். இரண்டு மாதங்களுக்குள் இருபத்தைந்து பதிப்புகள் அளவில் வெளிவந்து நாடெங்கும் பரவின.

அந்தப் பன்னிரண்டு கோரிக்கைகளைப் படிக்குந்தோறும் எனக்கு வியப்பாயிருப்பது அவற்றின் அடக்கம். எங்கள் போதகரை நாங்களே தெரிவுசெய்ய விடுங்கள். தானியத்தில் தசமபாகம் தருகிறோம், அது அந்தப் போதகருக்கும் ஊரிலுள்ள ஏழைகளுக்கும் பயன்படட்டும். கால்நடைமீது கேட்கும் சிறு தசமபாகத்தைத் தரமாட்டோம், கால்நடையைக் கடவுள் மனிதருக்கு இலவசமாகவே படைத்தார். ஆற்றில் மீன்பிடிக்க, காட்டில் விறகு வெட்ட, பொதுப் புற்றரையில் மாடு மேய்க்க முன்னிருந்த உரிமையைத் திருப்பித் தாருங்கள். இழவு வீட்டு வரியை ஒழித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் நடுநாயகமானது மூன்றாவது கோரிக்கை. கிறிஸ்து தம் இரத்தத்தைச் சிந்தி இடையனையும் மீட்டார், மிகப் பெரியவனையும் மீட்டார். அவ்வாறாயின் ஒரு மனிதன் மற்றவனுக்குச் சொந்தப் பொருளாவது எப்படி என்று கேட்டார்கள். ஆளுவோரே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை; நியாயமான காரியங்களில் கீழ்ப்படிவோம் என்றே எழுதினார்கள். பன்னிரண்டாவது கோரிக்கை யாதெனில், மேலே கூறியவற்றுள் எதுவாயினும் வேதவாக்குக்கு மாறானது என்று வேதத்திலிருந்து காட்டினால் அதை உடனே கைவிடுவோம் என்பது. வோர்ம்ஸில் லூதர் சொன்ன விடையேதான்! குருவின் வாக்கைச் சீடர்கள் எழுத்துப் பிசகாமல் பாடமாக்கியிருந்தார்கள்.

குரு என்ன சொன்னார்? சித்திரை மாதத்தில் லூதர் எழுதிய முதல் பிரசுரம் சமாதானம் பேசியது. இந்தக் குழப்பத்துக்கு நீங்களே காரணம், உங்கள் ஆடம்பரத்துக்காக ஏழைகளை உரித்தீர்கள் என்று பிரபுக்களையும் ஆயர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் உழவர்களின் பக்கம் திரும்பி மூன்றாவது கோரிக்கையை வன்மையாக மறுத்தார். கிறிஸ்தவ சுதந்திரம் ஆன்மாவுக்குரியது. அதை உடலுக்குரியதாக ஆக்குகிறீர்கள். ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே என்றார். சுதந்திரம் என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்து 1520 இல் நூல் எழுதியவர் அவர். அந்தச் சொல்லை உழவன் உழவனுக்குரிய பொருளிலே விளங்கிக்கொண்டான். சொல்லுக்குச் சந்தையிலே போய்ப் பொருள் கேட்டவருக்கு, சந்தை தந்த பொருள் பிடிக்கவில்லை.

அந்தப் பிரசுரம் பரவுவதற்கு முன்னரே நிலைமை கைமீறிவிட்டது. சித்திரை 16 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, வைன்ஸ்பேர்க் என்னும் ஊரைப் பிடித்த உழவர் படையொன்று, அங்கிருந்த ஹெல்பென்ஸ்டைன் பிரபுவையும் அவருடன் இருந்தவர்களையும் ஈட்டிகளுக்கு நடுவே ஓடவிட்டுக் குத்திக் கொன்றது. மடங்களும் கோட்டைகளும் எரிந்தன. உழவர் பக்கத்தில் நியாயம் இருந்தது என்பதற்காக இதை மறைக்க முடியாது. துரிங்கியாவிலே முன்சர் என்ற போதகர், தெய்வ பக்தி அற்றவர்களை வாளால் களையெடுக்கும் காலம் வந்துவிட்டது என்று பிரசங்கித்துக்கொண்டிருந்தார். இந்த முன்சர் சாமானியர் அல்லர். வழிபாட்டை முழுமையாக ஜேர்மன் மொழியில் நடத்தும் முறையை 1523 இல், லூதருக்கு முந்தியே ஆக்கியவர். துரிங்கியாவுக்கு நேரிற் சென்று உழவர்களிடையே பேசிய லூதரை மக்கள் ஏளனம் செய்தார்கள்.

வைகாசித் தொடக்கத்தில் லூதர் இரண்டாவது பிரசுரத்தை எழுதினார். கொள்ளையிடும், கொலைசெய்யும் உழவர் கூட்டங்களுக்கு எதிராக என்பது அதன் தலைப்பு. விசர்நாயைக் கொல்வதுபோல அவர்களைக் குத்தியும் வெட்டியும் கொல்லுங்கள், இதில் இறக்கும் பிரபுவுக்கு அது புனித மரணம் என்ற கருத்துப்பட அதில் எழுதினார். அதே நாள்களில் அவருடைய கோமகன் பிரடரிக் மரணப் படுக்கையில் இருந்தார். ஏழைகளுக்கு நாம் பல வகையிலும் அநியாயம் செய்திருக்கிறோம், அவர்கள் கிளர்ந்தெழக் காரணம் இருந்திருக்கக்கூடும் என்ற கருத்தை அவர் தம்பிக்கு எழுதியிருந்தார். வைகாசி 5 இல் அவர் இறந்தார். வேதத்தை மொழிபெயர்த்தவரிடத்தில் இல்லாமற் போன தயக்கம் ஆளப் பிறந்தவரிடத்தில் இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் சங்கடப்படும்.

வைகாசி 15 இல் பிராங்கன்ஹவுசன் குன்றிலே முன்சரின் தலைமையில் உழவர்கள் நின்றார்கள். அவர்களுடைய கொடியில் வானவில். எதிரே நின்ற படையின் தலைவர்கள் யார் யார்? லூதரின் சமயத்தைத் தழுவிய ஹெஸ்ஸே பிலிப் ஒருவர். லூதரின் புதிய ஏற்பாட்டைத் தம் நாட்டிலே தடைசெய்த கத்தோலிக்கரான சாக்சனி ஜோர்ஜ் மற்றவர். சமயத்தால் பிரிந்தவர்கள் நிலத்துக்காக ஒன்றாய் நின்றார்கள். பீரங்கிகள் வெடித்ததும் உழவர் அணி சிதறியது. ஓடியவர்களைத் துரத்தி வெட்டினார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உழவர்கள் மாண்டார்கள். பிரபுக்கள் பக்கத்தில் இறந்தோரை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். முன்சர் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, வைகாசி 27 இல் தலை வெட்டப்பட்டார். அந்த ஆண்டில் நாடு முழுவதிலும் கொல்லப்பட்ட உழவர்கள் எழுபதாயிரத்திலிருந்து ஒரு இலட்சம் வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. லூதரின் இரண்டாவது பிரசுரம் பல ஊர்களில் கைக்கு வந்தபோது வெட்டு முடிந்து கொண்டிருந்தது. இறந்துகொண்டிருப்பவனைக் குத்தச் சொன்னதுபோல அது ஆயிற்று. நண்பர்களே முகஞ்சுளித்தார்கள். ஆடி மாதத்தில் அவர் விளக்கம் எழுதினார். ஆனால் எதையும் திரும்பப் பெறவில்லை.

ஏன் இப்படிச் செய்தார்? மாணவனின் கேள்விக்கு வந்துவிட்டேன். அச்சம் என்பது ஒரு பதில். உழவர்களின் வாளோடு தம்முடைய சமயத்தைச் சேர்த்து எண்ணினால், அதை ஒழிக்கக் காத்திருந்த பேரரசருக்கு நல்ல சாட்டுக் கிடைத்துவிடும். நன்றி என்பது இன்னொரு பதில். பிரடரிக்கின் கோட்டை இல்லாவிட்டால் 1521 இலேயே அவர் சாம்பலாகியிருப்பார். இரண்டும் உண்மையே, எனினும் இவை மாத்திரம் போதா. ஆன்மாவின் ஆட்சி வேறு, உலகின் ஆட்சி வேறு, உலகின் ஆட்சியை எதிர்த்து வாளெடுக்கக் குடிமகனுக்கு உரிமையே இல்லை என்பதை அவர் 1525 இலே புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, முன்னரே எழுதியிருந்தார். தம் கொள்கைக்கு அவர் துரோகம் செய்யவில்லை. அந்தக் கொள்கையிலேயே உழவனுக்கு இடம் வைக்கப்படவில்லை என்பதுதான் என்னுடைய எண்ணம். மற்றைய பதில்களைவிட இது எனக்குக் கசப்பானது. கொள்கை சரி என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சொற்களுக்கு மன்னிப்பு இல்லை. சொல்லின் எடையை அவரைப்போல அறிந்தவர் அன்று ஜேர்மனியில் வேறொருவர் இல்லை.

அதன்பின் சீர்திருத்தம் கோமகன்களின் கைக்குப் போயிற்று. ஊர் மக்கள் போதகரைத் தெரிவுசெய்யும் பேச்சு ஓய்ந்தது. 1527 முதல் சாக்சனியில் அரசின் ஆணைபெற்ற குழுக்கள் ஊரூராகச் சென்று போதகர்களைப் பரீட்சித்தன. மடங்களின் நிலம் பெரும்பாலும் ஆளுவோரிடம் சேர்ந்தது. அதில் ஒரு பகுதி பள்ளிக்கூடங்களுக்கும் சென்றது என்பதையும் சொல்லவேண்டும். கன்னியர் மடங்கள் மூடப்பட்டதில் சில பெண்களுக்கு விடுதலை கிடைத்தது. கல்விக்கும் தனி வாழ்வுக்கும் இருந்த ஒரே இடத்தை வேறு சிலர் இழந்தார்கள். 1529 இல் ஸ்பையர் பேரவையிலே பெரும்பான்மைத் தீர்மானத்தை எதிர்த்து ஆறு கோமகன்களும் பதினான்கு நகரங்களும் கொடுத்த எதிர்ப்புரையிலிருந்தே புரட்டஸ்தாந்து என்ற பெயர் பிறந்தது. 1555 இல் ஓக்ஸ்பேர்க் உடன்படிக்கை, ஆளுபவன் கத்தோலிக்கன் என்றால் குடிகள் கத்தோலிக்கர், லூதரன் என்றால் குடிகளும் லூதரன் என்று முடித்தது. பிடிக்காதவர்கள் வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு வேறிடம் போகலாம். இன்றைய நோக்கிலே இது கொடுமைபோலத் தோன்றும். எரிப்பதற்குப் பதிலாகப் போகவிடுவது என்பது அன்றைக்கு ஒரு முன்னேற்றம். லொற்சர் தம் எழுதுகோலால் கேட்ட பண்ணையடிமை ஒழிப்பு, பிரஷ்யாவிலே 1807 இல்தான் சட்டமாக வந்தது. இருநூற்றெண்பத்திரண்டு ஆண்டுகள்.

பிற்காலத்தார் தத்தமக்கு வேண்டியவரை எடுத்துக்கொண்டார்கள். எங்கெல்ஸ் 1850 இல் உழவர் போரைப் பற்றி எழுதி முன்சரைப் புரட்சியாளராகக் கண்டார். கிழக்கு ஜேர்மனி, அந்த அரசு இருந்த காலத்தில், ஐந்து மார்க் தாளிலே முன்சரின் முகத்தை அச்சிட்டது. மேற்கிலே லூதருக்கே மரியாதை. 2025 இல் உழவர் போரின் ஐந்நூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தபோது, மெம்மிங்கனின் பன்னிரண்டு கோரிக்கைகளை மனித உரிமை ஆவணங்களின் முன்னோடி என்று பலர் போற்றினார்கள். அதை எழுதிய லொற்சரோ, தோல்விக்குப் பின் மெம்மிங்கனை விட்டு ஓடித் தப்பியவர். அதற்கப்பால் வரலாற்றில் அவர் சுவடு இல்லை.

அந்த ஆண்டிலேயே, 1525 இல், நியூரம்பேர்க் ஓவியர் டியூரர் அளவையியல் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். டியூரர் லூதரைப் பெரிதும் மதித்தவர். தூண்களையும் நினைவுச் சின்னங்களையும் அளவெடுத்து வரையக் கற்பிக்கும் அந்நூலில், கிளர்ந்தெழுந்த உழவர்களை வென்றதற்கு ஒரு நினைவுத் தூண் எழுப்ப விரும்புவோருக்கென்று ஒரு மாதிரி வரைந்திருக்கிறார். அடியில் மாடுகளும் ஆடுகளும் பன்றிகளும். அதன்மேல் தானியப் பெட்டி, பானை, வெண்ணெய் கடையும் பாத்திரம், பாற்குடம், கதிர்க்கட்டோடு சேர்த்துக் கட்டிய மண்வெட்டியும் முட்கரண்டியும், அதற்குமேல் கோழிக்கூடு. உச்சியிலே ஓர் உழவன் குந்தியிருக்கிறான். முகத்தைக் கையிலே தாங்கியிருக்கிறான். முதுகிலே ஒரு வாள் ஏறி நிற்கிறது. இது தோற்றவரைப் பார்த்துச் சிரிப்பதா, வென்றவரைப் பார்த்துச் சிரிப்பதா என்று கலை வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். டியூரர் எழுதிவைத்தது ஒவ்வொரு பகுதியின் அளவையும்தான்.

அடுத்த கிழமை அந்தப் படத்தை வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பின் வாங்கு மாணவனிடம் கொடுத்தேன். அவன் பாடவேளை முடியும்வரை அதைத் திருப்பித் தரவில்லை.